ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்ற நாய்ங்க

நாயோட வேலை பாக்குற யாரையாவது, அது டாக்டரா இருக்கட்டும், குளிப்பாட்டி முடி வெட்டி விடுற க்ரூமரா இருக்கட்டும், கூண்டு கழுவுற பையனா இருக்கட்டும், உக்கார வச்சு உங்களுக்கு எந்த நாயைப் பாத்தா பயம்னு கேட்டுப் பாருங்க. பெரிய நாய், கறுப்பு நாய், அந்த பிரீட் இந்த பிரீட்னெல்லாம் சொல்ல மாட்டாங்க. "ஒண்ணும் பண்ணாதுங்க, தைரியமா தொடுங்க"ன்னு ஓனர் சொல்ற நாய்தான் பயம்பாங்க. வாய்க்கூடு போட்டு, பல்லக் காட்டி, கதவுல இருந்தே கத்திக்கிட்டு வர்ற நாயால யாருக்கும் பெருசா காயம் ஆகாது, ஏன்னா அத எல்லாரும் மரியாதையாத்தான் அணுகுவாங்க.

நான் பல வருஷமா நாயைப் புடிச்சுக்குற பக்கம் நிக்கிற ஆளு. ஊசி போடுறது டாக்டர், ஆனா நாயோட தலைப்பக்கம் நிக்கிறது அசிஸ்டென்ட். வலி பின்னாடி இருந்து வருது, பல்லு முன்னாடி இருக்கு, நடுவுல நாங்க. வெளிய இருந்து பாக்குறவங்க நாய் டாக்டர்னாலே கடி வாங்குறவர்னு நெனச்சுக்குறாங்க, ஆனா உள்ள வந்து பாத்தா அசிஸ்டென்ட், க்ரூமர், ஓனர் ஊருக்குப் போறப்ப நாயை விட்டுட்டுப் போற போர்டிங்ல வேலை பாக்குறவங்க, ஷெல்டர்ல இருக்குறவங்க, தெருநாய் புடிக்கப் போறவங்க, இவங்க கையப் பாருங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, மணிக்கட்டுல, முன்கையில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கோரைப்பல் எறங்குன எடம்.

ஓனருங்க எல்லாம் பொய் சொல்றாங்கன்னு சொல்ல வரல. பாதிப்பேர் உண்மையத்தான் சொல்றாங்க, அந்த நாய் அவங்களக் கடிச்சதே இல்ல. ஆனா வீட்டுல யாரு அதோட நகத்த வெட்டுறா? காதுக்குள்ள குழாய் விடுறது யாரு? வழுக்குற ஸ்டீல் மேஜை மேல தூக்கி நிக்க வச்சு, இதுக்கு முன்னாடி பயந்துபோன நாய்ங்களோட வாடை அடிக்கிற ரூம்ல, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் மேல குனிஞ்சு கட்டிப் புடிச்சிருக்காரா? இல்லல்ல. அப்ப "கடிக்காது"ங்கிறது வீட்டு ஹால்ல உண்மை, இந்த மேஜையில அதப்பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்கிறதுதான் நெலமை.

மிச்சப் பாதி இருக்கே, அது வேற. கடிச்சு ரத்தம் சொட்டிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து ஒரு குரல் வரும், "ஐயோ, இப்படித்தாங்க போன மாசம் எங்க சித்தப்பாவையும்..." அப்படின்னு. சித்தப்பா கதைய உள்ள வர்றப்பவே சொல்லியிருக்கலாமே! எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு, சின்னச் சாதி வெள்ளை நாய், கேட்டதுக்குக் குழந்தை மாதிரின்னாங்க, கழுத்துப்பட்டிய கழட்டப் போன கையில ரெண்டு ஓட்டை. அப்புறம்தான் தெரிஞ்சுது வீட்டுலயே யாரும் பட்டிய கழட்டுறதில்லன்னு, கழட்டப் போனா புடுங்கும்னு, அதனால அது பட்டியோடயே குளிக்கும், பட்டியோடயே தூங்கும்னு. ஒரு குடும்பமே அந்த நாய்க்குத் தகுந்த மாதிரி வாழப் பழகிக்கிச்சு, அதுல எந்த எடத்துலயும் "எங்க நாய் கடிக்கும்"ங்கிற நெனப்பே அவங்களுக்கு வரல.

அதனால "கடிக்குமா?"ன்னு கேக்குறத எங்க இடத்துல விட்டாச்சு. அந்தக் கேள்விக்கு யாரும் ஆமான்னு சொல்றதில்ல, அது பிள்ளைய வளத்த விதத்தக் கேட்ட மாதிரி ஆயிடுது. இப்பக் கேக்குறது, நகம் வெட்டும்போது என்ன பண்ணும், சாப்பிடும்போது தட்டுகிட்ட போனா என்ன பண்ணும், தூங்கும்போது தொட்டா எப்படி, எந்த எடத்த தொட்டா புடிக்காது, எப்பவாவது யாரு மேலயாவது பல்லு பட்டிருக்கா. பாருங்க, அப்ப வந்து கொட்டும் எல்லாக் கதையும். "பின்னங்கால் தொட்டா திரும்பிப் பாக்கும்", "துண்டு எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடும்", "வாயில இருந்து எதையாவது புடுங்குனா மட்டும்"னு. இந்த "மட்டும்"ங்கிறதுல தான் எங்க விரல் இருக்கு.

ஆனா ஓனர் ஒண்ணுமே சொல்லலன்னாலும் நாய் சொல்லிடும். இந்தக் கூட்டத்துலயே மறைக்கத் தெரியாத ஒரே ஆளு அதுதான். கெண்டல் ஷெப்பர்ட்னு பிரிட்டன்ல ஒரு கால்நடை டாக்டர், நாய் கடிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யும்ங்கிறத ஒரு ஏணி மாதிரி வரிசைப்படுத்தி வச்சிருக்காங்க. கீழ்ப்படியில கொட்டாவி, கண் சிமிட்டுறது, மூக்க நக்குறது. அப்புறம் தலைய அந்தப்பக்கம் திருப்பும், ஒடம்பையே திருப்பும், முன்னங்காலத் தூக்கும், எந்திரிச்சுப் போகப் பாக்கும். அதுக்கும் நாம விடலன்னா காத மடக்கிப் பதுங்கும், வாலக் காலுக்குள்ள விடும், படுத்து காலத் தூக்கும். மேல போகப்போக ஒடம்பு வெறைக்கும், மொறைக்கும், உறுமும், காத்தக் கடிக்கும், கடைசிப் படியில தான் கடி. ஒவ்வொரு நாயும் எல்லாப் படியும் ஏறணும்னு இல்ல, சிலது தாவிடும், அதுக்குக் காரணம் பின்னாடி சொல்றேன்.

தூக்கம் வராத நேரத்துல கொட்டாவி, சாப்பாடு இல்லாத எடத்துல நாக்கு, இது ரெண்டையும் பாத்தாலே என் கை தானா கொஞ்சம் பின்னாடி வந்துடும். ஆனா நெஜமாவே மூச்சப் புடிக்க வைக்கிற சிக்னல் வேற ஒண்ணு. அதுவரைக்கும் வாயத் தொறந்து ஹா ஹான்னு இரைச்சுக்கிட்டு இருந்த நாய் டக்குனு வாய மூடும். ஒடம்புல ஒரு அசைவு இருக்காது, கண்ணு ஓரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரியும், தலைய திருப்பாம கண்ண மட்டும் உங்க கை மேல வச்சிருக்கும். ஓனர் அப்ப என்ன சொல்லுவாங்க தெரியுமா, "பாருங்க, அமைதியாயிடுச்சு." அந்த அமைதிக்கு அப்புறம் அரை செகண்ட் கூட இருக்காது.

வாலாட்டுறத நம்பி கையக் குடுத்தவங்க நெறைய பேரு. வாலாட்டுச்சுன்னா அதுக்குள்ள ஏதோ ஒரு பரபரப்பு ஓடுதுன்னு அர்த்தம், அது சந்தோஷம்தான்னு எவனும் எழுதிக் குடுக்கல. 2007ல இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் அளந்து பாத்தாங்க, ஓனரப் பாத்தா வால் வலது பக்கம் அதிகமா போகுது, முன்னப்பின்ன தெரியாத அதட்டலான நாயப் பாத்தா இடது பக்கம் சாயுதுன்னு. வேலை நேரத்துல நின்னு வலமா இடமான்னு பாக்க எங்களுக்கு நேரம் கெடயாது, அது வேற விஷயம். ஒடம்பு மொத்தமா நெளிஞ்சு ஆடுதா, இல்ல வால் மட்டும் வெறைப்பா தூக்கி நின்னு நுனி மட்டும் துடிக்குதாங்கிறத மட்டும் பாத்தா போதும். அப்புறம் இந்தக் குரைக்கிற நாய் கடிக்காதுங்கிற பழமொழி. அத சொன்னவரு கூண்டு கழுவினவரா இருக்க மாட்டாரு.

இப்ப அந்தத் தாவுற நாய்ங்களுக்கு வர்றேன். மேஜை மேல நாய் உறுமும். ஓனருக்கு மானம் போயிடும். "ஏய்! ச்சீ!"ன்னு மூக்கு மேல ஒண்ணு வைப்பாரு. நாய் உறுமுறத நிறுத்திடும். அடுத்த தடவை வரும்போதும் உறுமாது, ஏன்னா உறுமுனா அடி விழும்னு கத்துக்கிச்சு. ஆனா பயமும் வலியும் அப்படியேதான் இருக்கு. மேல ஏற மிச்சம் இருக்குறது ஒரே படி. முன்னறிவிப்பே இல்லாம கடிச்சுதுன்னு சொல்ற நாய்ங்கள்ல எத்தனைக்கு முன்னறிவிப்ப அடிச்சு நிறுத்தியிருக்காங்கன்னு கேட்டா வண்டி வண்டியா வரும். உறுமுற நாயப் பாத்தா எனக்கு நிம்மதிதான், பேச்சுவார்த்தை இன்னும் முடியலன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழக க்ளினிக்ல நாயோட நடத்தைப் பிரச்சனைக்காக வந்த ஓனருங்க 140 பேருகிட்ட வாங்குன பதிலை வச்சு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. நாயை அடிச்சவங்க, உதைச்சவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நாய் திருப்பி ஆக்ரோஷமா பதில் குடுத்திருக்கு. மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் புடிக்கிற வேலைய செஞ்சவங்கள்ல 31 சதவீதம். இந்த அமுக்குற வித்தை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷென்கெல்ங்கிறவரு அடைச்சு வச்ச ஓநாய்ங்களப் பாத்து எழுதினதுல இருந்து ஆரம்பிச்ச கூட்டத்தலைவன் கதை. காட்டுல ஓநாய்ங்க பின்னாடி அலைஞ்ச டேவிட் மெக் 1999ல எழுதிட்டாரு, காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கிறது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்க தானே, தலைமைக்குச் சண்டை போட்டுக்கிட்டுத் திரியிற கும்பல் இல்லன்னு. ஓநாயே அப்படி இல்லங்கிறப்போ சோபாவுல தூங்குற நாய்கிட்ட போய் நான்தான் தலைவன்னு நிரூபிக்கிற ட்ரெய்னருங்க இன்னும் இருக்காங்க. அவங்க பயிற்சி முடிச்சு அனுப்புற நாய் அவங்களக் கடிக்காது, எங்கள்ட்ட வந்து கடிக்கும்.

கடியிலயும் கணக்கு இருக்கு. இயான் டன்பார்னு ஒரு டாக்டர் ஆறு லெவலா பிரிச்சிருக்காரு. ஒண்ணாவது, பல்லே படாம காத்துல கடிக்கிறது. ரெண்டாவது, பல்லு தோல்ல படும் ஆனா ஓட்டை விழாது. மூணாவது, ஒரே கடியில ஒண்ணுல இருந்து நாலு ஓட்டை, ஆனா கோரைப்பல்லோட பாதி நீளத்துக்கு மேல ஆழம் கெடயாது. நாலாவது, அதத் தாண்டுன ஆழம், கவ்வி உதறியிருக்கும். அஞ்சாவது, அந்த மாதிரி பல கடி. ஆறாவது சாவு. காத்தக் கடிச்ச நாயப் பாத்து "நல்லவேளை தப்பிச்சேன்"னு சொல்லுவாங்க பாருங்க, தப்பிக்கல, அது விட்டுச்சு. நாயோட வாய் வேகத்துக்கு நம்ம கை ஈடு குடுக்காது, படலன்னா அது படவேணாம்னு வச்சதுதான். அதனால பத்து தடவை லெவல் ரெண்டு போட்ட நாயோட நான் வேலை பாப்பேன், அது தன்னோட பல்லக் கட்டுப்படுத்தத் தெரிஞ்ச நாய். சத்தமே போடாம ஒரே தடவை லெவல் நாலு போட்ட நாய்னா, சின்ன நாயா இருந்தாலும் நான் தள்ளி நின்னு யோசிப்பேன். ஓனர் "சும்மா பல்லு பட்டுச்சு"ன்னு வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்ற அந்தச் சின்னத் தகவல் இருக்கே, அதோட மதிப்பு அவங்களுக்குத் தெரியாது.

கடிச்சதும் கையப் பின்னாடி இழுக்காதன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுப்போம், கேக்க நல்லா இருக்கும், கை எங்க கேக்குது, அது தானா இழுக்கும், இழுத்தா கிழியும். அப்புறம் குழாய்க்கு ஓடணும். சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம். இந்த 15 நிமிஷம் எவ்வளவு நீளம்னு நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், ரெண்டு நிமிஷத்துலயே போதும்னு தோணும், வெளிய அடுத்த நாய் காத்துக்கிட்டு இருக்கும். ஆனா வெறிநாய்க்கடி வைரஸ காயத்துலயே குறைக்கிறதுக்கு இதவிடச் சுலபமான வேலை வேற கெடயாது. தோலத் தாண்டி பல்லு எறங்கியிருந்தா அது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல மூணாவது வகை, தடுப்பூசியோட சேத்து காயத்துக்குள்ளயும் சுத்தியும் இம்யூனோக்ளோபுலின்ங்கிற ரெடிமேட் எதிர்ப்பு மருந்தையும் போடணும். தடுப்பூசி தானா எதிர்ப்பு சக்திய உண்டாக்க நாளாகும், அதுவரைக்கும் காயத்துலயே வைரஸ மடக்கி வைக்கத்தான் இது. இப்பல்லாம் ஊசி கையில தான், தொப்புளச் சுத்திப் போட்ட காலம் எல்லாம் மலையேறிப் போச்சு, அந்தப் பழைய பயத்துல இன்னும் ஒளியிறவங்க இருக்காங்க. வருஷத்துக்கு சுமார் 59,000 பேர் இந்த நோய்ல சாகுறதா மதிப்பிடுறாங்க, கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடியால, அதுல பெரிய பங்கு பிள்ளைங்க. அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது அநேகமா முடியாது. கடிச்ச நாயை 10 நாள் பாக்கச் சொல்றது எதுக்குன்னா, கடிக்கிறப்பவே அது எச்சில்ல வைரஸ் இருந்திருந்தா அந்த 10 நாளுக்குள்ள நோய் தெரிஞ்சிடும் இல்ல செத்துடும். அதுக்காக 10 நாள் முடிஞ்சப்புறம் ஊசிக்குப் போலாம்னு உக்காரக் கூடாது, ஊசிய ஆரம்பிச்சுட்டுத்தான் நாயப் பாக்கணும்.

வெறிநோய் மட்டும்தான் பயம்னு நெனைக்காதீங்க, எங்க ஆளுங்களுக்கு அடிக்கடி வர்றது சாதாரண சீழ்தான். நாய் வாயில பாஸ்ச்சுரெல்லான்னு ஒரு கிருமி, காலையில கடி வாங்குனா சாயங்காலமே கை வீங்கிச் செவந்து வலி தெறிக்கும். மேல பாத்தா சின்ன ஓட்டை, உள்ள தசைநாண் வரைக்கும் போயிருக்கும், அதனாலதான் கையில, விரல் மூட்டுல பட்ட கடிய டாக்டருங்க லேசா எடுத்துக்குறதில்ல, சட்டுனு தையலும் போடுறதில்ல, மூடித் தைச்சா கிருமி உள்ளயே தங்கிடும்னு. கேப்னோசைட்டோஃபாகான்னு இன்னொண்ணு இருக்கு, அபூர்வம், ஆனா மண்ணீரல் எடுத்தவங்களுக்கும் குடி அதிகம் உள்ளவங்களுக்கும் ரத்தத்துல பரவி உயிருக்கே வந்துடும். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது மண்ணீரல் இருக்கான்னு எவன் கேக்குறான்.

முன்கூட்டியே போடுற ரேபிஸ் ஊசியாவது போட்டாங்களான்னா, நெறைய எடத்துல கெடயாது. முதல் ஊசி ஒண்ணு, அதுக்கு ஏழு நாள் கழிச்சு ஒண்ணு, 2018ல இருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்றது அவ்வளவுதான். அது போட்டவங்களுக்கு அப்புறம் கடி பட்டா இம்யூனோக்ளோபுலின் வேண்டாம், கூடுதலா ரெண்டு தவணை ஊசியோட முடிஞ்சிடும். நாயைத் தொடுற வேலைக்கு ஆளச் சேத்துட்டு இதப் போட்டு விடாத முதலாளிய என்ன சொல்றது.

சரி, ஓனருங்களயே சொல்லிக்கிட்டு இருக்கேன், எங்க பக்கம் என்ன யோக்கியதை? நாங்களும் மறைக்கிறோம். இந்தத் தொழில்ல ஒரு வீறாப்பு உண்டு, நாய் தெரிஞ்சவன நாய் கடிக்காதுன்னு. கடி வாங்குனா கை ராசி இல்ல, பயப்படுறான், புடிக்கத் தெரியல. அதனால சின்னக் கடின்னா பஞ்ச வச்சு அமுக்கி, மேல கையுறைய மாட்டிக்கிட்டு அடுத்த நாயைத் தூக்குவாங்க. எங்ககூட ஒரு அண்ணன் இருந்தாரு, வெயில் காலத்துலயும் முழுக்கைச் சட்டை, யாருக்கும் ஏன்னு தெரியாது. ஒரு நாள் கை கழுவும்போது பாத்தேன். எந்த நாய்ண்ணேன்னு கேட்டேன். "அதுவா, மறந்துட்டேன்டா"ன்னாரு. மறக்கல. அந்த நாய் திரும்ப வந்தப்போ அவருக்கு லீவு, புதுசா வந்த பொண்ணு புடிச்சுது, அதே எடம், அதே மாதிரி கடி. ஒவ்வொரு நாயப் பத்தியும் குறிச்சு வைக்கிற அட்டையில ஒரு வரி இருந்திருந்தா போதும்.

எழுதாததுக்கு இன்னொரு காரணம் அட்டைய ஓனர் பாத்துடுவாருங்கிறது. சிவப்புல கவனம்னு எழுதியிருந்தா சண்டைக்கு வர்றாங்க. அவங்க கோவம் எனக்குப் புரியாம இல்ல. கடிச்ச நாய்னு பேர் விழுந்துட்டா போர்டிங்ல எடம் குடுக்க மாட்டாங்க, க்ரூமர் வேண்டாம்பாரு, பக்கத்து வீட்டுக்காரன் புகார் எழுதுவான், சில நாட்டுல கருணைக்கொலை வரைக்கும் போகும். உண்மையச் சொன்னா நாய் போயிடும்னு பயந்தா யாரு வாயத் தொறப்பா? இந்த விஷயத்துல கண்டிப்பு கூடக் கூட உண்மை கொறையும்ங்கிறது என் எண்ணம், சட்டம் போடுறவங்க ஒத்துக்க மாட்டாங்க.

கடி வாங்குனதுக்கு அப்புறம் ஆளுக்கு என்ன ஆகுதுங்கிறதையும் யாரும் பேசுறதில்ல. ஓட்டை ஆறிடும். ஆனா அடுத்த வாரம் அதே சைஸ் நாய் வந்தா கை தானா இறுக்கிப் புடிக்கும். இறுக்கிப் புடிச்சா நாய் மெரளும், மெரண்டா இன்னும் இறுக்கணும். நல்லா பொறுமையா இருந்தவங்க கடி வாங்குனப்புறம் முரட்டுக் கையா மாறுனத நான் பாத்திருக்கேன், அவங்களுக்கே தெரியாது மாறிட்டோம்னு. சிலர் சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டுடுவாங்க. நல்ல எடத்துல கடி வாங்குனவங்கள கொஞ்ச நாள் சாதுவான நாய்ங்களோட மட்டும் விடுவாங்க, வெக்கம் இல்லாம "எனக்கு இன்னிக்கு இது முடியாது"ன்னு சொல்ல விடுவாங்க. அப்படி எடம் கெடச்சா விடாதீங்க.

வாய்க்கூடு விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அதப் பாத்தாலே ஜனங்க மூஞ்சி மாறுது. துணியில வர்ற இறுக்கமான வகை வாய மூடிடும், நாய் இரைச்சுத்தான் ஒடம்புச் சூட்டக் குறைக்கும், அதனால அது சில நிமிஷத்துக்கு மேல ஆகாது. கூடை மாதிரி வர்றதுதான் சரி, வாயத் தொறக்கலாம், இரைக்கலாம், தண்ணி குடிக்கலாம், இடுக்கு வழியா தீனி குடுக்கலாம். அத க்ளினிக்ல முதல் தடவையா மாட்டுனா போராட்டம்தான். வீட்டுலயே கூடைக்குள்ள தீனிய வச்சு, மூக்க அதுவா விடவிட்டு, வாரக்கணக்குல பழக்குனா கூடைய எடுத்தாலே வாலாட்டிக்கிட்டு வரும். ஒரு அக்கா அப்படித்தான் கொண்டு வந்தாங்க. கதவத் தொறந்ததும் முதல் வார்த்தை, "இவன் கடிப்பான்ங்க, வலது காது பக்கம் போகாதீங்க, மத்த எடம் பரவால்ல." எங்க எல்லாருக்கும் தோள் எறங்கிச்சு. யாரும் அந்த நாயை அமுக்கல, அவசரப்படல. டாக்டர் மயக்கம் குடுத்துட்டு காதுக்குள்ள பாத்தா மாசக்கணக்கா இருந்த புண்ணு. அதுக்கு வைத்தியம் பாத்தப்புறம் அந்த நாயோட பாதி கோவம் காணாமப் போச்சு. திடீர்னு கடிக்க ஆரம்பிச்ச நாய்னா, அதுவும் வயசான நாய்னா, குணம் மாறிடுச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி காது, பல்லு, இடுப்பு மூட்டு, முதுகு எல்லாத்தையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க.

அட்டையில எழுதுறதையும் நாங்க இப்ப மாத்திட்டோம். "கோவக்கார நாய்", "மோசமான நாய்"னு எழுதுனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஓனருக்குக் கோவம் வர்றதுதான் மிச்சம். நடந்தத எழுதணும். இடது பின்னங்காலத் தூக்குனப்போ திரும்பிச்சு, பல்லு பட்டுச்சு, ஓட்டை இல்ல, உறுமல் வரல, வாய மூடி ஒரு நொடி நின்னுச்சு. இத ஓனரே வாங்கிப் படிச்சுட்டு "ஆமாங்க, அப்படித்தான்"னு சொல்றாரு, சண்டையே வர்றதில்ல. போன தடவை அப்படி ஒரு அட்டை இருந்த நாய்க்கு ரத்தம் எடுக்கணும், எங்ககூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் வழக்கமா பின்னங்கால்ல தான் எடுப்பான். அட்டையப் பாத்தான், முன்னங்கால்ல எடுத்துடலாம்னான், மேஜை வேண்டாம்னு தரையில பாய் விரிச்சு உக்காந்தே எடுத்தான். நாய் ஒரு தடவை மூக்க நக்குச்சு, அவன் கைய எடுத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், திரும்ப ஆரம்பிச்சான். குழாய் நெறஞ்சுது. அட்டையில அவனும் ஒரு வரி சேத்தான்: முன்னங்கால், தரையில, பிரச்சனை இல்ல.